தோற்றம் மட்டும்தானா?

கேள்வி: எங்க சர்ச் பிரசங்கத்துல 'டோசெட்டிசம்'னு ஒரு வார்த்தை வந்துச்சு, அப்படின்னா என்னங்க, எங்கேர்ந்து வந்த பேரு? - வாசகி, காட்பாடி

பதில்: நல்ல கேள்விம்மா. கிரேக்கத்துல 'டொகெயின்'னா 'போலத் தோன்றுறது', அதுலேர்ந்து வந்ததுதான். உடம்புங்கறதே கீழானது, அதனால இயேசு நிஜ உடம்போட வரல, சும்மா மனுஷன் மாதிரி தெரிஞ்சாரு, சிலுவையில பட்ட வலியும் தோற்றம்தான்னு ஆதி சபையில சிலர் நம்புனாங்க. 1 யோவான் 4:2ல 'மாம்சத்தில் வந்த'ன்னு அழுத்திச் சொல்றதைப் பாருங்க. அந்தியோக்கியா பிஷப் இக்னேஷியஸை 2ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல சங்கிலி போட்டு ரோமுக்குக் கொண்டுபோறப்போ அவரு சிமிர்னா சபைக்கு எழுதுறாரு, இயேசு பட்டதெல்லாம் தோற்றம்னா என் சங்கிலியும் தோற்றம்தானான்னு, படிக்கறப்போ எனக்கு நெஞ்சு அடைச்சிடுச்சு. நம்ம வேலூர் வெயில்ல பெரிய வெள்ளி மூணு மணி நேர ஆராதனையில நாக்கு வறண்டு உக்காந்திருக்கறப்போ இயேசு சிலுவையில சொன்ன 'தாகமாயிருக்கிறேன்'னு வாசிப்பாங்களே, அது நிஜ தாகம்மா.