கடுவன் பூனைக்குக் கருத்தடை ஒப்பரேசன் செய்தால் வீட்டில் எப்படிப் பார்ப்பது?

முதல் இரவு தரையில், மூடிய அறையில் படுக்கட்டும், மயக்கம் தெளியாமல் உயரத்தில் ஏறினால் தள்ளாடி விழும். எங்கள் கடுவன் அரைக்கண் மூடியபடியே அலுமாரிக்குப் பாயப் பார்த்தான். சாப்பாடு கொஞ்சம்தான், முள் எடுத்த அவித்த சூடை மீன் போதும். திருகோணமலையில் நாங்கள் கடற்கரை மணலைத்தானே பூனை மலசலம் கழிக்கும் பெட்டியில் கொட்டுகிறோம், அது காயத்தில் ஒட்டும், ஒரு கிழமைக்குக் கிழித்த பேப்பர் போடுங்கள். கடுவனுக்குப் பெரும்பாலும் வெளியே தையல் இருக்காது, பயப்பட வேண்டாம், ஆனால் நக்க விடக்கூடாது, 7 முதல் 10 நாள் கழுத்துக் கூம்பு கட்டாயம். வீக்கம் கூடினாலோ சீழ் வந்தாலோ மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். வலிக்கிறதே என்று பனடோல் (பரசிட்டமோல்) கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு! அப்புறம், சில கிழமைக்கு அவனால் இன்னும் குட்டி உண்டாகலாம், பெட்டைப் பூனைகளோடு விடாதீர்கள்.