முடிக்கத் தெரியாததும் முடிக்காமல் விடுவதும்

வணக்கம் சார்,

ஹாலிவுட் த்ரில்லர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைப் படித்துவிட்டு அந்தப் படங்களைத் தேடிப் பிடித்துப் பார்க்கிற ஆள் நான். அண்மையில் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து மூன்று படங்கள் பார்த்தோம். ‘எ ஹவுஸ் ஆஃப் டைனமைட்’ முடிந்ததும் என் கணவர் ரிமோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். நெட் போய்விட்டது என்று நினைத்துவிட்டார். ‘ஜூரர் நம்பர் டூ’ படத்தில் ஒருத்தன் கதவைத் திறக்கிறான், வாசலில் ஒரு பெண் நிற்கிறாள், உடனே பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. ‘கான்க்ளேவ்’ ஒன்றுதான் எங்களுக்கு உருப்படியாக முடிந்த படம். நீங்களோ அதன் முடிவைத்தான் பலவீனம் என்று எழுதியிருந்தீர்கள். கதவோடு நின்றுபோன படத்தைப் பாராட்டியிருந்தீர்கள்.

இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு என்ன நடந்தது என்று சொல்லாமல் அனுப்புவது கதை எழுதியவரின் சோம்பேறித்தனம் இல்லையா? “உனக்கெல்லாம் கடைசியில் வில்லன் செத்தால்தான்மா படம்” என்று என் மகன் கிண்டல் செய்கிறான். அதுதான் காரணமா? அதுவும் ‘ஜூரர்’ படத்தில் எத்தனை ஓட்டைகள்! போலீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்கிற ஜூரியில் எப்படி உட்கார முடியும்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒழுங்காக ஆரம்பித்து ஒழுங்காக முடிகிற படம் ஒன்று சொல்லுங்கள். நீளமான படம் வேண்டாம்.

அன்புடன்,
கே., மதுரை

அன்புள்ள கே.,

முதலில் உங்கள் மகனுக்கு. ‘எ ஹவுஸ் ஆஃப் டைனமைட்’ வெளியானபோது அமெரிக்கப் பார்வையாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதும் அந்த முடிவைப் பற்றித்தான். வில்லன் சாகிற கதைக்குப் பழகிய மதுரைக்காரர்களுக்கு மட்டும் வந்த எரிச்சல் அல்ல அது. புரியாததால் எரிச்சல் வரும், ஏமாந்ததாலும் வரும். உங்கள் வீட்டில் வந்தது எது என்பதுதான் விஷயம்.

(மூன்று படங்களின் முடிவையும் போட்டு உடைக்கப் போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

நீங்கள் ஒரே கணக்கில் எழுதியிருக்கும் இரண்டு படங்களை நான் தனித்தனியாகப் பிரிப்பேன். ஒன்று, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. மற்றது, சொல்லியாக வேண்டிய இடம் வந்ததும் எழுந்து போய்விடுகிறது.

எழுந்து போனதை முதலில் பேசலாம், ஏனென்றால் அதில்தான் எனக்கு வருத்தம் அதிகம். கேத்ரின் பிக்லோ இயக்கிய ‘எ ஹவுஸ் ஆஃப் டைனமைட்’, 2025இல் வந்தது. பசிபிக் பக்கமிருந்து ஒரு ஏவுகணை அமெரிக்காவை நோக்கி வருகிறது. ஏவியது யார் என்று தெரியவில்லை. சிகாகோவில் விழ இருபது நிமிடம்கூட இல்லை. இதை வைத்துக்கொண்டு படத்தின் முதல் பகுதியில் அவர் செய்திருப்பதற்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய த்ரில்லர் இந்தச் சில ஆண்டுகளில் எதுவும் இல்லை. யாரும் வீர வசனம் பேசுவதில்லை. வெள்ளை மாளிகையின் அவசரநிலை அறையில் ரெபெக்கா ஃபெர்குசன் வழக்கமான காலை வேலையாகத்தான் வந்து உட்காருகிறார். திரையில் ஒரு கோடு தெரிகிறது. சோதனையாக இருக்கும், கடலில் விழுந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தக் கோடு வளைய வேண்டிய மாதிரி வளையவில்லை என்று தெரிகிற இடத்தில் அறையில் இருப்பவர்களின் குரல் இன்னும் தணிந்துபோகிறது. பயத்தை அப்படிக் காட்டத் தெரிந்தவர்கள் குறைவு.

அலாஸ்காவின் ஃபோர்ட் க்ரீலி தளத்திலிருந்து இரண்டு இடைமறிப்பு ஏவுகணைகள் கிளம்புகின்றன. இரண்டும் கைவிட்டுவிடுகின்றன. அமெரிக்காவிடம் நிஜத்திலும் இந்த வகை இடைமறிப்பு ஏவுகணைகள் அலாஸ்காவிலும் கலிஃபோர்னியாவிலுமாகச் சேர்த்து 44தான் நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன. படத்தில் இதன் வெற்றி வாய்ப்பு 61 சதவீதம் என்று சொல்லப்படுகிறது. அப்படியென்றால் இது பூவா தலையா கதைதானே, ஐம்பது பில்லியன் டாலருக்குக் கிடைத்தது இவ்வளவுதானா என்று பாதுகாப்புச் செயலர் வெடிக்கிறார். படத்தின் கோபம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அதன்பின் அதே நிமிடங்கள் இன்னும் இரண்டு முறை, வேறு வேறு ஆட்களின் பக்கத்திலிருந்து சொல்லப்படுகின்றன. பலர் குறையாகச் சொன்னது இந்தத் திருப்பிச் சொல்லலை. இரண்டாம் முறை பார்க்கும்போது ஏவுகணை தடுக்கப்படாது என்று நமக்குத் தெரியும், ஆகவே பதற்றம் வடிந்துவிடுகிறது என்கிறார்கள். பாதி உண்மைதான். ஆனால் பதற்றத்தை வேறு இடத்துக்கு நகர்த்த முடியுமானால் திருப்பிச் சொல்வதில் தப்பே இல்லை. இங்கே கேள்வி நகரவும் செய்கிறது. சிகாகோ பிழைக்குமா என்பது போய், யார் அடித்தார்கள் என்றே தெரியாமல் திருப்பி அடிப்பதா என்று ஆகிறது. உடனே அடி என்கிறார் ஜெனரல். பொறு என்கிறார் இளம் ஆலோசகர். முதல் பகுதியில் வெறும் குரலாக மட்டும் கேட்ட ஜனாதிபதி, மூன்றாவது பகுதியில் இட்ரிஸ் எல்பாவின் முகத்தோடு வந்துவிடுகிறார். எந்தெந்த நாட்டை எப்படியெல்லாம் அழிக்கலாம் என்கிற தடித்த கையேடு ஒரு கடற்படை அதிகாரியின் மடியில் இருக்கிறது. அவ்வளவு தூரம் வந்துவிட்டு, ஜனாதிபதி வாயைத் திறப்பதற்கு முன் படம் முடிந்துவிடுகிறது.

சிகாகோ எரிவதை எனக்குக் காட்டவேண்டாம். காட்டியிருந்தால் இது இன்னொரு பேரழிவுப் படமாகியிருக்கும். ஏவியவன் யார் என்றும் சொல்லவேண்டாம். சொன்னால் நாம் அவனைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம், அந்த அமைப்பைப் பற்றி யோசிக்கமாட்டோம். இவை இரண்டும் சரியான மறைப்புகள். ஆனால் மூன்றாவது பகுதி முழுவதும் ஒரே ஒரு மனிதனின் முடிவுக்காகத்தான் இருக்கிறது. அவன் என்ன சொன்னான் என்பதை மறைத்தால் அந்தப் பகுதியே எதற்கு? பார்வையாளர் யோசிக்கட்டும் என்பது இதற்கு வழக்கமான சமாதானம். பார்வையாளர் யோசிக்கத் தயார்தான். கதாசிரியர் முதலில் யோசித்து முடித்திருக்கவேண்டும். அடி என்று அந்த மனிதன் சொல்வதை எழுதியிருந்தால் அதற்கு ஒரு விலை, பொறு என்று எழுதியிருந்தால் இன்னொரு விலை. படம் இரண்டையும் கொடுக்கவில்லை. உங்கள் கணவர் ரிமோட்டை எடுத்ததில் எந்தத் தப்பும் இல்லை.

இப்போது அந்தக் கதவு. ‘ஜூரர் நம்பர் டூ’ 2024இல் வந்தபோது க்ளின்ட் ஈஸ்ட்வுட்டுக்கு வயது 94. தயாரித்த நிறுவனம் அமெரிக்காவில் ஐம்பது தியேட்டருக்கும் குறைவாகத்தான் திரையிட்டது. அதைப் பற்றித் தனியாகத் திட்டலாம், இங்கே இடமில்லை. குடியை விட்டுத் திருந்தி வாழ்கிற ஜஸ்டின், மனைவி நிறைமாதம். கொலை வழக்கு ஒன்றில் ஜூரியாக உட்காருகிறான். வழக்கு விவரங்களைக் கேட்கக் கேட்க, ஒரு வருடத்துக்கு முன் மழை இரவில் தன் கார் இடித்தது மான் அல்ல, இறந்துபோன அந்தப் பெண் என்று அவனுக்கு உறைக்கிறது. எதிரே கூண்டில் நிற்பவன் நிரபராதி. அது ஜஸ்டின் ஒருவனுக்கு மட்டும் தெரியும்.

கடைசிக் காட்சிக்கு வரும்போது நமக்குத் தெரியாதது என்று அநேகமாக ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். யார் இடித்தது என்று தெரியும். நிரபராதிக்கு ஆயுள்தண்டனை கிடைத்துவிட்டது. அதற்கு ஜஸ்டினும் கைதூக்கினான். இந்த வழக்கை வைத்து அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஃபெய்த் தேர்தலில் ஜெயித்து மாவட்டத் தலைமை அரசு வழக்கறிஞர் ஆகிவிட்டாள். அவளுக்கும் உண்மை தெரிந்துவிட்டது. ஜஸ்டினுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு அவள் வந்து கதவைத் தட்டுகிறாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், முடிந்தது. அவனைக் கைது செய்வதானால் தன்னைப் பதவிக்குக் கொண்டுவந்த தீர்ப்பை அவளே கிழித்துப் போடவேண்டும். கைது செய்யாமல் திரும்பிப் போவதானால் அவள் வந்திருக்கவே மாட்டாள். அடுத்த காட்சி இருந்திருந்தால் அதில் வெறும் சட்ட நடவடிக்கைதான் இருக்கும். நமக்கு வேண்டியது அவள் வந்தாள் என்பதுதான், அதைப் படம் சொல்லிவிட்டது. (ஃபெய்த்தாக நடித்த டோனி கொலட்டும் ஜஸ்டினாக நடித்த நிக்கோலஸ் ஹோல்ட்டும் 2002இல் வந்த ‘அபவுட் எ பாய்’ படத்தில் அம்மா, மகன். அன்றைக்குப் பையனாக இருந்தவனைத்தான் இங்கே அவர் வாசலில் நின்று பார்க்கிறார்.)

ஓட்டைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் ஜூரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இரண்டு தரப்பு வழக்கறிஞர்களும் ஒவ்வொருவரையும் கேள்வி கேட்டுச் சலிப்பார்கள். கொலை வழக்குகளைத் துப்புத்துலக்கிய முன்னாள் போலீஸ்காரரைக் குற்றம் சாட்டப்பட்டவனின் வழக்கறிஞர் உள்ளே விடுவது நம்பும்படி இல்லை. படம் அதற்கு ஒரு சமாளிப்பு வைத்திருக்கிறது, எனக்கு அது போதவில்லை. நம் நாட்டில் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரி முறையே இல்லாமல் போய்விட்டதால் நம்மில் பலர் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுவோம். நீங்கள் பிடித்துவிட்டீர்கள்.

ஆனால் என்னை உறுத்துவது அதைவிடப் பெரிய ஓட்டை. ஜூரிகள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து கிடக்கும்போது, எல்லோரும் ஒரே மனதாகக் குற்றவாளி என்று சொல்கிற இடத்துக்கு வந்தது எப்படி? அந்த அறையில் ஜஸ்டின் கடைசியாக என்ன பேசினான்? அவன் செய்கிற நிஜமான பாவம் அதுதான், விபத்து அல்ல. ஈஸ்ட்வுட் அதைத் தாவி நேரே தீர்ப்புக்குப் போய்விடுகிறார். கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவேண்டாம். அந்த அறைக்குள் நடந்தது தெரியவேண்டும். படத்தில் ஏமாற்று என்று சொல்வதானால் நான் அங்கேதான் விரலை வைப்பேன்.

‘கான்க்ளேவ்’ உங்களுக்கு முடிந்ததாகத் தோன்றக் காரணம் எளிது. புதிய போப்பைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் நடத்தும் ஒரு தேர்தல், கடைசியில் ஒருவர் ஜெயிக்கிறார். எட்வர்ட் பெர்கர் படம், 2024. ராபர்ட் ஹாரிஸின் நாவலிலிருந்து எடுத்தது, தழுவல் திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. பதவி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்த கர்தினால் லாரன்ஸ், கடைசியில் தன் பெயரையே சீட்டில் எழுதிப் போடுகிற அந்தக் கணத்தில் குண்டு வெடித்து மேலே ஜன்னல் சிதறுகிறது. அப்போது ரால்ஃப் ஃபைன்ஸின் முகத்தைப் பார்க்கவே அந்தப் படத்தை இன்னொரு முறை பார்ப்பேன்.

ஆனால் ஆரம்பத்தில் அதே லாரன்ஸ் ஒரு பிரசங்கம் செய்கிறார் அல்லவா? உறுதிதான் பெரிய பாவம், சந்தேகப்படுகிற போப்பைக் கடவுள் நமக்குத் தரட்டும் என்று. அதன்பிறகு படம் என்ன செய்கிறது? ஒருவருக்குப் பழைய உறவில் பிறந்த குழந்தை, இன்னொருவர் காசு கொடுத்து ஓட்டு வாங்கியவர், மூன்றாமவர் வெறுப்பைக் கக்கித் தானே கெட்டுப்போகிறார். இப்படிப் போட்டியாளர்களை ஒவ்வொருவராகக் கழித்துவிட்டு, காபூலிலிருந்து வந்த பெனிடெஸை நம் முன்னால் நிறுத்துகிறது. அவரிடம் ஒரு குறைகூட இல்லை. சந்தேகத்தைப் போற்றுகிற படம், சந்தேகப்படவே முடியாத ஒருவரை நம்மிடம் கொடுக்கிறது. அவர் உடலுக்குள் பிறப்பிலிருந்தே கருப்பையும் இருந்தது என்று கடைசியில் லாரன்ஸுக்குத் தெரியவருகிறதே, நிஜமான நாடகம் அங்கேதான் தொடங்கவேண்டும். அத்தனை பேருடைய ரகசியத்தையும் தோண்டியெடுத்தவர் இந்த ஒன்றை மட்டும் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளப் போகிறாரா? எந்த நியாயத்தில்? படம் அவரை ஒரு ஆமையைக் குளத்தில் விடவைத்து, ஜன்னலைத் திறக்கவைத்து முடித்துக்கொள்கிறது. பார்க்க மிக அழகு. ஆனால் அங்கே கேள்வி எழுந்த வேகத்திலேயே அமுங்கிவிட்டது. போப் தேர்வாகிவிட்டார் என்று சொல்லும் புகை வந்துவிட்டதால் நாம் அதைக் கவனிக்கவில்லை.

நீங்கள் கேட்ட படம்: ‘பிளாக் பேக்’. ஸ்டீவன் சோடர்பெர்க், 2025, ஒன்றரை மணி நேரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். உளவுத்துறையில் துரோகி யார் என்று கண்டுபிடிக்கவேண்டிய ஒருவன், சந்தேகப் பட்டியலில் அவன் மனைவியும் ஒருத்தி. சந்தேகத்துக்குரியவர்களை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்து, சென்னா மசாலாவில் வாயைத் திறக்கவைக்கிற மருந்தைக் கலந்துவிட்டு, மனைவியிடம் மட்டும் அதைத் தொடாதே என்று சொல்லிவிடுகிறான். திருடுபோன கணினி நிரல் என்ன, அது எப்படி வேலை செய்யும் என்பதெல்லாம் மேம்போக்குதான், அதில் மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எவ்வளவு தூரம் பொய் சொல்வார்கள் என்பதுதான் படம். கடைசியில் இன்னொரு முறை எல்லோரும் அதே மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள், யார் துரோகி என்று தெரிந்துவிடும். பேச்சு வேகமாக ஓடும், சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடத்தில் ஐந்தாறு பெயர்கள் வந்து விழும், அந்த நேரத்தில் மட்டும் யாரும் சமையலறைப் பக்கம் போகவேண்டாம்.