எட்டுப் பாயிண்ட் ஏறி இருபத்துநாலு இறங்குவது ஏன்? ரேங்க் பற்றிக் கேள்வி பதில்

வண்ணார்பேட்டையில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கேம் செய்து பழகும் பிள்ளைகள் கூடுகிறார்கள். மொபைல் ஷூட்டர் (துப்பாக்கிச் சண்டைக் கேம்) ஒன்றுக்கு ரேங்க் முறை அமைத்தவன் என்பதால் போன வாரம் என்னைக் கூப்பிட்டுக் கேள்விகளால் துளைத்துவிட்டார்கள். அங்கே அவசரத்தில் சொன்ன பதில்களைக் கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறேன்.

பேட்டை, கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, நாங்க நாலு பேர் சேர்ந்து 5-க்கு 5 ஷூட்டர் பண்றோம். லெவல், ரேங்க் ரெண்டையும் ஒண்ணா வச்சா வேலை மிச்சம்லா?

வேலை மிச்சம்தான், ஆனால் கேம் போய்விடும். லெவல் என்பது நீங்கள் எத்தனை நாள் வந்தீர்கள் என்பதன் கணக்கு. அது ஏறுமே தவிர இறங்காது. 2007-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி 4-இல் 55 லெவல். முடித்தவர் பிரெஸ்டீஜ் போட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம், அதுவும் பத்து முறை. துப்பாக்கியும் பெர்க் எனும் கூடுதல் சக்தியும் ஒவ்வொன்றாகத் திறக்கும் அந்த ருசியைத்தான் அதற்குப் பின் வந்தவர்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ரேங்க் வேறு. அது திறமையின் கணக்கு. இறங்கத் தெரியாவிட்டால் அதற்கு மதிப்பே இல்லை. முப்பது வருடமாகத் தினமும் தாமிரபரணியில் முங்கி எழுகிறவர் எல்லாம் நீச்சல்காரர் ஆகிவிடுவாரா?

இன்னொன்று. லெவல் ஏறினால்தான் நல்ல துப்பாக்கி என்று வைத்தீர்களானால், ரேங்க் ஆட்டத்தில் அந்தப் பூட்டு இருக்கக்கூடாது. வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் இரண்டிலும் துப்பாக்கியை ஆட்டத்துக்குள் கிடைக்கும் காசில்தான் வாங்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே கடை. நிஜக் காசு கொடுத்துத் துப்பாக்கிக்கு வாங்கும் ஸ்கின் வெறும் சாயம்.

மேலப்பாளையம்: ஜெயிச்சா எட்டு, தோத்தா மைனஸ் இருபத்துநாலு. இது என்ன கணக்கு அண்ணாச்சி?

இது சதுரங்கத்திலிருந்து வந்த கணக்கு. அங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் எலோ வகுத்தது. உலக சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்டது. ஆட்டத்துக்கு முன்பே யார் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணித்துவிட வேண்டும். 1400 பாயிண்ட் உள்ளவர் 1200 உள்ளவரோடு மோதினால் பெரியவர் ஜெயிக்க 76 சதவீத வாய்ப்பு. ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் 32 பாயிண்ட் கைமாறலாம் என்று வைத்துக்கொண்டால், அவர் ஜெயித்தால் 8 ஏறும், தோற்றால் 24 இறங்கும். உங்களுக்கு அப்படி நடக்கிறது என்றால் கேம் உங்களைப் பெரிய ஆளாக நினைத்து, சின்ன ஆளோடு கோத்துவிடுகிறது என்று அர்த்தம். பாதிப் பெருமை, பாதித் தலைவலி.

குழு ஆட்டத்துக்கு இது மட்டும் போதாது. மைக்ரோசாஃப்டின் ஆய்வுப் பிரிவு எக்ஸ்பாக்ஸுக்காகச் செய்த ட்ரூஸ்கில் முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள். ஒன்று திறமை, இன்னொன்று அந்தத் திறமையைப் பற்றிக் கேமுக்கு உள்ள சந்தேகம். புதியவருக்குத் திறமை 25, சந்தேகம் 8.33. காட்டும் எண், திறமையிலிருந்து சந்தேகத்தை மூன்று மடங்காகக் கழித்தது. 25-இல் 25 போனால் பூஜ்யம். எல்லாரும் பூஜ்யத்தில் தொடங்கி, ஆட ஆடச் சந்தேகம் குறைந்து மேலே வருவார்கள். தொடக்கத்தில் எண் தாவித் தாவி ஏறுவதும், நூறு ஆட்டம் ஆனபின் நகரவே மாட்டேன் என்பதும் இதனால்தான். என்னைக் கேட்டால், முழு எலோவை எழுதிப் பார்த்துக் கைபழகிவிட்டு அப்புறம் இதற்கு வாருங்கள்.

அம்பாசமுத்திரம்: என் கில் எப்பவும் கம்மி. ஆனா ஸ்மோக் போடுறது, விழுந்தவனைத் தூக்குறது எல்லாம் நான்தான். கில்லுக்குத் தனிப் பாயிண்ட் குடுக்கது நியாயமா அண்ணாச்சி?

நியாயமில்லை தங்கச்சி, அந்தத் தப்பைச் செய்தவனே நான்தான். எங்கள் கேமின் சோதனைப் பதிப்பில் கில்லுக்கு, அதாவது எதிரியை வீழ்த்துவதற்கு, சின்னதாக ஒரு கூடுதல் பாயிண்ட் வைத்தேன். நன்றாக ஆடித் தோற்பவன் மனசு விடக்கூடாதே என்ற நல்லெண்ணம். ஒரு வாரத்தில் பிடிக்க வேண்டிய இடத்தில் ஆளே நிற்கவில்லை. மூலையில் பதுங்கிக் கில் எண்ணுகிறான் ஒருத்தன். கூட்டாளி சுட்டு வீழ்த்தியவனை ஓடிப்போய் முடிக்கிறான் இன்னொருத்தன். தோற்றாலும் கவலை இல்லை, பாயிண்ட் வந்துவிட்டதே! எதை எண்ணுகிறோமோ அதைத்தான் ஆடுவார்கள் என்பது சோதனையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் கூடுதலை எடுத்துவிட்டோம். இப்போது வெற்றி தோல்வி மட்டும்தான். தனி ஆட்டத்திறனை முதல் பத்து ஆட்டங்களில் மட்டும், புதியவரைச் சீக்கிரம் அவருடைய இடத்தில் சேர்க்கப் பயன்படுத்துகிறோம். நூறு பேர் இறங்கும் பேட்டில் ராயலில் இது முடியாது, கடைசி வரை நின்று ஜெயிப்பது ஒரு ஸ்க்வாட் (குழு) மட்டும்தான். அங்கே எத்தனையாவது இடம் என்பதற்குப் பெரும்பங்கு, கில்லுக்குச் சிறுபங்கு.

பாளை: புது ஐடி போட்டு சின்னப் பிள்ளைகளை அடிக்கானுவளே, அவனுவளை என்ன செய்ய?

நம்ம பக்கத்துக் கோயில் கொடைக் கபடியில் எடை பார்த்து இறக்குவார்கள். 55 கிலோ ஆட்டத்தில் ஆடுவதற்காக முந்தின நாளெல்லாம் பட்டினி கிடந்து தராசில் ஏறும் ஆளைப் பார்த்திருப்பீர்கள். புது ஐடியில் ஒளிந்து வரும் கைதேர்ந்தவனை ஸ்மர்ஃப் என்பார்கள், அவன் அந்த ஆள்தான். தராசு வைத்தவருக்குத் தெரியாது, ஆனால் முதல் ரெய்டிலேயே களத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கேமும் அந்த முதல் ரெய்டைப் பார்க்க வேண்டும். புது ஐடி தொடர்ந்து வெளுத்து வாங்கினால் அதன் மறைவு மதிப்பெண்ணை, அதாவது வெளியே காட்டாமல் கேம் உள்ளே வைத்திருக்கும் திறமைக் கணக்கை, படபடவென்று ஏற்றிப் பெரிய ஆட்கள் ஆடும் மேல் லாபியில் தள்ளுங்கள். ரேங்க் ஆட்டத்துக்கு முன் இருபது சாதா ஆட்டமும் போன் எண்ணும் கேட்டால் பாதிப் பேர் சலித்துப் போவார்கள். முழுதாக ஒழிக்க வழியில்லை.

டவுன்: நாலு ஜெயிச்சா நாலு தோக்க வைக்காங்க. சதிதானே?

இல்லை. சமமான இரண்டு அணிகளைக் கோத்தால் பாதிக்குப் பாதிதான் வரும். பப்ஜி மொபைல் மாதிரிக் கேம்களில் கீழ் டியரில் (ரேங்க் படியில்) கணினியே ஆட்டும் பாட் கலந்திருப்பதால் முதலில் ஜெயித்துப் பழகிவிடுகிறோம். அப்புறம் வருவது சதி போலத் தெரிகிறது.

தச்சநல்லூர், ஒரு தாய்: சீசன் முடியுத வாரம் எம் பையன் தூங்கவே மாட்டேங்கான். இதையும் நீங்கதானப்பா செய்றீங்க?

ஆமாம் அக்கா, நாங்கள்தான். சீசன் முடிந்ததும் ரேங்கைக் கீழே இறக்கிவிடும் ரீசெட்டுக்கு ஒரு நேர்மையான காரணம் உண்டு: பழைய கணக்கு தேங்கிவிடும், விட்டுப்போனவர் திரும்ப வர ஒரு வாசல் வேண்டும். அதோடு ஒரு வியாபாரக் காரணமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். கிடைக்கப்போவதைவிடக் கையிலிருந்து போகப்போவது மனுஷனை அதிகம் துரத்தும். கடைசித் தேதி அதற்குத்தான். பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ 2023 மே மாதம் திரும்ப வந்தபோது 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளைக்கு 3 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். பையன் பெரியவர் ஐடியில் ஆடினால் அது வேலை செய்யாது, அதை முதலில் பாருங்கள். எங்கள் கேமில் சீசன் பரிசை, முடியும் நாளில் இருக்கும் ரேங்குக்குத் தராமல் சீசனில் தொட்ட உச்சத்துக்குத் தருகிறோம். ஒருமுறை தொட்டவன் அதைக் காவல் காக்கத் தேவையில்லை. இன்னும் ஏற ஆசைப்படுகிறவனுக்கு என்னிடம் மருந்து இல்லை.

மறுபடி பேட்டை மாணவர்: எங்க கேம்ல சாயங்காலம் நாப்பது பேர்தான் இருக்காங்க. ஆறு டியர் போதுமா?

ஒன்றுகூட வேண்டாம் தம்பி. நாற்பது பேர் என்றால் ஒரே நேரத்தில் நாலு ஆட்டம். ஆறு டியராகப் பிரித்தால் ஒன்றுக்கு ஏழு பேர்கூடத் தேறாது, ஆட்டத்துக்கோ பத்துப் பேர் வேண்டும். மதிப்பெண்ணை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 50 பாயிண்ட் வித்தியாசத்துக்குள் ஆள் தேடி, பத்து வினாடிக்கு 25 வீதம் விரித்துக்கொண்டே போனால் ஒரு நிமிஷத்தில் 200 வரை எட்டும். அதற்கு மேலும் காக்க வைத்தால் போனைக் கீழே வைத்துவிடுவார்கள். ஒரே மோட் போதும். ராத்திரி எட்டிலிருந்து பத்து என்று நேரம் குறித்துக் கூப்பிட்டால் கூட்டம் சேரும். டியருக்கு வரைந்த பேட்ஜ் படங்களை எனக்குக் காட்டினீர்களே, நன்றாக இருந்தன. அழித்துவிடாமல் எடுத்து வையுங்கள்.