ரோமில் 21 யூரோ படுக்கையா, 30 யூரோ படுக்கையா?

கேள்வி: நானும் நண்பனும் மே மாதம் ரோமில் 5 இரவு தங்கப் போகிறோம். விசாவுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும். தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹாஸ்டலில் டார்மிட்டரி படுக்கை இரவுக்கு 30 யூரோ. 2 நாள் முன்புவரை இலவசமாக ரத்து செய்யலாம். நகரின் ஓரத்தில், பஸ் ஏறி மெட்ரோ மாறிப் போகும் தூரத்தில் இன்னொன்று 21 யூரோ. பணத்தை இப்போதே கட்ட வேண்டும், திரும்பக் கிடைக்காது. ஆளுக்கு 45 யூரோ மிச்சம் என்கிறான் நண்பன். இரண்டாவதைப் போடலாமா?
– கோவை வாசகர்

பதில்: வேண்டாம். விசா கைக்கு வரும்வரை திரும்பக் கிடைக்காத எதற்கும் பணம் கட்டாதீர்கள். இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணமான 90 யூரோ, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் எப்படியும் போய்விடும். அதோடு ஆளுக்கு 105 யூரோ படுக்கைக் காசும் போக வேண்டுமா? விண்ணப்பத்துக்குத் தங்குமிட முன்பதிவுதான் தேவை. ரத்து செய்யக்கூடிய முன்பதிவும் அதற்குப் போதும்.

சரி, விசா வந்துவிட்டது என்றே வையுங்கள். அந்த 45 யூரோ அப்படியே மிஞ்சுமா? ரோம் நகராட்சி தங்கும் ஒவ்வொருவரிடமும் இரவுக்கு இவ்வளவு என்று வரி வாங்குகிறது. ஹாஸ்டலுக்கு 3.50 யூரோ. 5 இரவுக்கு 17.50. பெரும்பாலும் இது இணையத்தில் காட்டும் விலையில் சேராது. அங்கே போனதும் தனியாகக் கேட்பார்கள், சில இடங்களில் ரொக்கமாகவே கேட்பார்கள். ஆளுக்கு 20 யூரோ நோட்டாக வைத்திருங்கள். இந்தச் செலவு இரண்டு ஹாஸ்டலுக்கும் பொது.

வித்தியாசம் போக்குவரத்தில்தான். ஒரு டிக்கெட் 1.50 யூரோ. 100 நிமிடம் செல்லும். அதற்குள் பஸ் மாறலாம், மெட்ரோ ஒரு முறை மட்டும். ஓரத்து ஹாஸ்டலிலிருந்து தினமும் போக வர 3 யூரோ, 5 நாளுக்கு 15. தெர்மினியிலிருந்தோ கொலோசியத்துக்கு நடந்தே போய்விடலாம், 25 நிமிடம் போதும். திரேவி நீரூற்றும் ஏறக்குறைய அதே தூரம். வத்திக்கான் போக மட்டும் ஏ மெட்ரோவில் ஒத்தவியானோ நிலையம்வரை. போக வர 3 யூரோ. ஓரத்து ஹாஸ்டலில் படுக்கை விரிப்புக்கும் துண்டுக்கும் தனிக் காசு உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் 6, 7 யூரோ சேரும். இப்போது கூட்டினால் தெர்மினி சுமார் 170, ஓரம் சுமார் 144. நண்பன் சொன்ன 45, 26 ஆகிவிட்டது. அதற்கு விலையாக தினமும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில். ஞாயிறு முதல் வியாழன் வரை மெட்ரோ இரவு 11.30-க்கு நின்றுவிடும். ஒரு ராத்திரி டாக்சி பிடித்தால் அந்த 26-இலும் பெரும்பகுதி காலி.

ஒரே ஒரு விஷயம் இந்தக் கணக்கைத் திருப்பலாம்: சமையலறை. தெர்மினி ஹாஸ்டலில் அது இல்லாமல், ஓரத்தில் இருந்து, நீங்கள் உண்மையிலேயே தினமும் இரவு சமைப்பீர்கள் என்றால் மலிவானது ஜெயிக்கும். நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து சமைப்பீர்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு பேர் என்பதால் இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு படுக்கைக்கு 60 யூரோ. இரண்டு கட்டில் உள்ள தனி அறை அதற்குச் சற்று மேலே கிடைக்கிறதா என்று தேடுங்கள். ஒப்பிடும்போது வரியை மறக்காதீர்கள்: இரு நட்சத்திர ஓட்டலில் ஆளுக்கு 5 யூரோ, மூன்று நட்சத்திரத்தில் 6.

பணம் கட்டும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பல இந்தியக் கிரெடிட் கார்டுகள் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி பிடிக்கின்றன. ஆக 4.13 சதவீதம், 150 யூரோவுக்கு 6 யூரோவுக்கு மேல். அந்தக் கட்டணம் இல்லாத கார்டு இருந்தால் அதையே எடுங்கள். ஸ்வைப் மெஷின் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோ என்றே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விலைதான். கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் இப்போதே இயக்கிவிடுங்கள். ஹாஸ்டல் கார்டைச் சோதிக்கும்போது அது செல்லாமல் போனால் முன்பதிவையே ரத்து செய்துவிடக்கூடும். ரத்துக்கான கெடு ரோம் நேரப்படி. மே மாதத்தில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும்.

முன்பதிவுக்கு முன் விதிமுறைகளைக் கடைசிவரை படியுங்கள். வயது வரம்பு வைத்த ஹாஸ்டல்கள் உண்டு. இரவு இத்தனை மணிக்கு மேல் வரவேற்பில் ஆள் இல்லை என்றும் இருக்கும். லாக்கர் இருந்தாலும் பூட்டு பெரும்பாலும் நம்முடையதுதான், ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். விமர்சனங்களில் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் கடைசி 3 மாதத்தை மட்டும் எடுத்து, மூட்டைப்பூச்சி என்று ஆங்கிலத்திலும் இத்தாலியத்திலும் தேடுங்கள். இரண்டு பேர் சொல்லியிருந்தால் அடுத்த ஹாஸ்டலுக்குப் போங்கள்.

ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து தெர்மினிக்கு நேர் ரயில் 14 யூரோ. 8 யூரோ எஃப்எல்1 ரயில் தெர்மினிக்குப் போகாது. ஒஸ்தியென்சேயில் இறங்கி, ஒட்டியிருக்கும் பிரமிதே நிலையத்தில் பி மெட்ரோ பிடித்தால் மொத்தம் 9.50.