முதலில் இருப்பைப் பார்க்கட்டும்

ஐயா,

தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். முதலாமாண்டு மாணவர்களிடம் உடல்நலத்துக்காக ஆளுக்கொரு இலக்கு எழுதச் சொன்னேன். 'பத்து கிலோ குறைப்பேன்', 'தினமும் ஐந்து மணிக்கு எழுந்து ஓடுவேன்' என்றுதான் பெரும்பாலும் வந்தது. மூன்றாவது வாரம் கேட்டால் எல்லோரும் தலையைக் குனிகிறார்கள். பிள்ளைகளுக்கு மன உறுதி இல்லையா, நான் சொல்லிக்கொடுத்த விதம் தப்பா?

ஒரு விரிவுரையாளர்

அன்புள்ள நண்பருக்கு,

மன உறுதியை விடுங்கள். ஐந்து மணிக்கு ஓடுவேன் என்று எழுதிய பையன் ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்று கேட்டீர்களா? எங்கள் அப்பா ஐந்தொகை, அதாவது கையிருப்பும் கடனும் எவ்வளவு என்று பார்க்கும் வருஷக் கணக்கு, எடுக்காமல் அடுத்த வருஷக் கணக்கைத் தொடங்கவே மாட்டார். இருப்பு தெரியாமல் இலக்கு எழுதச் சொன்னதுதான் கோளாறு.

முதல் வாரம் இலக்கே வேண்டாம். படுத்த நேரம், தின்றது, குடித்த டீ எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதட்டும், எதையும் மாற்ற வேண்டாம், நீங்களும் மார்க் போடாதீர்கள். கிராமத்திலிருந்து ஏழு மணி பஸ் பிடிக்கும் பெண் வெறும் வயிற்றோடு வந்து பதினோரு மணிக்கு டீயும் இரண்டு பஜ்ஜியும் தின்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரியும். அவளுக்குப் பத்து கிலோ எதற்கு? எடை நம் சொல் கேட்காது, 'ராத்திரி பாத்திரம் கழுவியதும் காலை டிபனை டப்பாவில் எடுத்து வைப்பேன்' என்பது கேட்கும். எப்போது, எங்கே, என்ன என்று இப்படி முடிச்சுப் போட்டுக்கொண்டால் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதியிருக்கிறார்.

அப்புறம், மூன்றாவது வாரத்திலேயே பரீட்சை வைத்துவிட்டீர்களே! லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2010-இல் வந்தது. ஒரு செயல் பழக்கமாக ஆன நாட்கள் நடுவாந்தரமாக 66, ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. இதை மட்டுமாவது வகுப்பில் உரக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒரு நாள் தவறியதும் 'சரி, போச்சு' என்று மொத்தத்தையும் கைவிடுகிறவர்கள்தான் அதிகம்.

நானும் அந்த ரகம்தான். சர்க்கரை வந்ததும் ஷூ வாங்கினேன், அது இன்னும் புதுசாகவே இருக்கிறது. இப்போது சாயங்காலக் காப்பி முடிந்ததும் வீட்டுக்குள்ளேயே முகப்பிலிருந்து பின்கட்டு வரை நடக்கிறேன். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீட்டைக் கட்டி வைத்த புண்ணியவான்கள்! கல்யாண மாதத்தில் இனிப்பே தொடமாட்டேன் என்று சபதம் போட்டு மூன்று வருஷம் தோற்றேன். இப்போது பந்தியில் உட்காரும் முன்பே முடிவு செய்துவிடுகிறேன், கந்தரப்பம் ஒன்று, பாயசம் கிடையாது.

அந்த நோட்டை நீங்களும் ஒரு வாரம் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுங்கள், ஆசிரியர் அறையில் குடிக்கும் டீயையும் விடாமல்.