புரோஸ்டேட் புற்றுநோய் ரிப்போர்ட்டில் 'எக்டோபிக் புரோஸ்டேட் திசு' என்று இருந்தால் புற்று பரவிவிட்டதா?

கேள்வி: தருமபுரியில் இருக்கிறோம். அப்பாவுக்கு 66 வயது. புற்றுநோய்க்காக புரோஸ்டேட்டையும் விந்துப்பைகளையும் முழுதாக எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் கிளீசன் (புற்று எவ்வளவு மூர்க்கமானது என்று காட்டும் மதிப்பெண்) 3+4. கீழே 'விந்துப்பைச் சுவரில் எக்டோபிக் புரோஸ்டேட் திசு, பெனைன், பி.எஸ்.ஏ. பாசிட்டிவ்' என்று ஒரு வரி. வெளியே பரவிவிட்டது என்று அர்த்தமா?

பதில்:

அந்த வரியை வைத்துப் பரவிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். 'எக்டோபிக்' என்றால் வழக்கமான இடத்தை விட்டு வேறிடத்தில் இருக்கிறது, 'பெனைன்' என்றால் புற்று அல்ல. கருவில் ஏறத்தாழ 10 முதல் 12 வாரத்தில், பின்னால் சிறுநீர்த் தாரையாகப் போகும் குழாயின் சுவரிலிருந்து மொட்டு மொட்டாகக் கிளம்பித்தான் புரோஸ்டேட் உருவாகிறது. அதில் ஒன்றிரண்டு மொட்டு பக்கத்தில் தங்கிவிடும் என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். சிறுநீர்ப்பை, சிறுநீர்த் தாரை, விந்துப்பை என்று பல இடங்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று, விந்துப்பையும் வெளியே வந்துவிட்டதால் அந்தத் திசு இப்போது அப்பா உடம்பிலேயே இல்லை.

படிப்பவரைக் கலங்கடிப்பது அந்த 'பி.எஸ்.ஏ. பாசிட்டிவ்'தான். பி.எஸ்.ஏ. என்பது புரோஸ்டேட் செல் சுரக்கும் ஒரு புரதம். இங்கே சொல்வது ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அல்ல, கண்ணாடி ஸ்லைடில் வைத்த திசுவில் அந்தப் புரதம் இருக்கிறதா என்று பார்க்கப் போடும் சாயம். நல்ல புரோஸ்டேட் செல்லும் இதில் நிறமேறும், புற்றுச் செல்லும் ஏறும். விந்துப்பையின் சொந்த செல்லில் ஏறாது. ஆகவே 'இது புரோஸ்டேட் திசு, விந்துப்பை அல்ல' என்பதை மட்டும்தான் அது சொல்கிறது.

நல்லதா கெட்டதா என்பதைச் சொல்வது அடிச்செல் வரிசை. நல்ல சுரப்பியில் இரண்டு அடுக்கு இருக்கும்: உள்ளே வெளிறிய உயரமான செல்கள், அவற்றைச் சுற்றிப் படுத்தாற்போல் தட்டையான அடிச்செல்கள். பி63 சாயம் போட்டால் அந்த அடிச்செல்களின் உட்கரு பழுப்புப் புள்ளிகளாகச் சுரப்பியைச் சுற்றி மணி கோத்ததுபோல் தெரியும். புற்றில் அந்த வரிசையே இருக்காது, ஓரடுக்கு மட்டும்தான். நல்ல சுரப்பியிலும் புள்ளிகள் அங்கங்கே விட்டுப்போகலாம் என்பதால், ஒரு சுரப்பியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ரிப்போர்ட்டில் பி63 அல்லது ஹை மாலிக்யூலர் வெயிட் சைட்டோகெராட்டின் (இதுவும் அடிச்செல்லைக் காட்டும் சாயம்தான்) போட்டதாக எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் போடச் சொல்லிக் கேளுங்கள். எடுத்த திசுவைப் பாரஃபின் மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கிலேயே செய்யலாம், திரும்ப ஊசி குத்த வேண்டியதில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், விந்துப்பைக்குள் புற்று புகுந்திருந்தால் அது டி3பி ('டி' என்பது கட்டி எதுவரை போயிருக்கிறது என்று காட்டும் குறியீடு). புரோஸ்டேட்டுக்குள்ளேயே அடங்கியிருந்தால் டி2. டி3பி என்றால் கதிர்வீச்சுப் பேச்சு வரும். நல்ல திசுவைப் பரவலாக எண்ணிவிட்டால் தேவையில்லாத சிகிச்சை, நிஜப் பரவலை நல்லது என்று விட்டுவிட்டால் அது அதைவிட மோசம். ரிப்போர்ட்டில் டி எண், விந்துப்பை, வெட்டு விளிம்பு (வெட்டியெடுத்த திசுவின் ஓரம்), நிணநீர் முடிச்சு ஆகிய நான்கையும் தேடிப் படியுங்கள். அப்பாவின் அடுத்த சிகிச்சையை முடிவு செய்வது கிளீசனோடு சேர்ந்த இந்த நான்கும், கீழே சொல்லும் ரத்த பி.எஸ்.ஏ.வும்தான். 'விளிம்பில் பெனைன் சுரப்பிகள்' என்றிருந்தால் அது 'விளிம்பு பாசிட்டிவ்' (ஓரத்தில் புற்று இருக்கிறது) ஆகாது.

சந்தேகம் தீரவில்லை என்றால் இரண்டாவது கருத்து வாங்குங்கள். வேலூர் சி.எம்.சி., பெங்களூரு கித்வாய், அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களுக்கு முதலில் போன் செய்து கேளுங்கள். பெரும்பாலும் அப்பாவை அலைக்கழிக்க வேண்டியிருக்காது. ஸ்லைடு, பாரஃபின் பிளாக், ரிப்போர்ட் நகல், டாக்டர் கடிதம் இருந்தால் வீட்டில் ஒருவர் கொண்டுபோனால் போதும். தீப்பெட்டியைவிடச் சின்ன அந்த பிளாஸ்டிக் பிளாக்கின் ஓரத்தில் இருக்கும் எண்ணை ரிப்போர்ட் எண்ணோடு வாங்கும்போதே ஒத்துப் பாருங்கள். விந்துப்பைத் துண்டு இருக்கும் பிளாக்தான் முக்கியம், அதை விட்டுவிட்டு மற்றதைக் கொண்டுபோய்ப் பயனில்லை. மெழுகு 56 முதல் 60 டிகிரியில் உருகும். சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி வழியாகக் காரில் போனால், பூட்டிய வண்டிக்குள் வைத்துவிட்டுச் சாப்பிட இறங்காதீர்கள். டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அடுத்து ரத்த பி.எஸ்.ஏ. அறுவை முடிந்து 6 முதல் 8 வாரத்தில் அது 0.1-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். 0.2-ஐத் தொட்டு, மறுபடி எடுத்தும் அப்படியே அல்லது கூடுதலாக வந்தால் புற்று திரும்பியதாகக் கணக்கிடுவார்கள். உள்ளே எங்காவது நல்ல திசு மிச்சம் இருந்தாலும் கொஞ்சம் பி.எஸ்.ஏ. வரலாம், ஆனால் அது பொதுவாக ஏறாமல் ஒரே அளவில் நிற்கும். புற்று என்றால் ஏறிக்கொண்டே போகும். அதனால் ஒரு எண்ணைவிட எண்களின் வரிசைதான் பேசும். ஒருமுறை தருமபுரியில், அடுத்த முறை ஓசூரில் என்று லேபை மாற்றினால் கருவி வேறுபாடே ஏற்றம்போல் காட்டும். ஒரே லேபில் எடுத்து, தேதி போட்டு ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொரு முறையும் யூராலஜிஸ்ட் முன்னால் வையுங்கள்.