கணையத்தில் கட்டி: ரோபோ ஆபரேஷனில் மண்ணீரல் தப்புமா?

கேள்வி: தங்கைக்கு 34 வயது. கணையத்தின் வால் பகுதியில் 4 செ.மீ. கட்டி. புற்றுநோயாகத் தெரியவில்லை, இருந்தாலும் எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். ரோபோ மூலம் செய்தால் மண்ணீரலைக் காப்பாற்றலாமாம். கட்டி இருப்பது கணையத்தில். மண்ணீரல் ஏன் இதில் வருகிறது? அது இல்லாமலும் வாழலாம்தானே?
- வாசகர், பெரம்பூர்

பதில்: கணையத்தின் வால் மண்ணீரலின் வாசலில்தான் போய் முடிகிறது. மண்ணீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி கணையத்தின் மேல் விளிம்பை ஒட்டி வளைந்து வளைந்து ஓடும். சிரையோ கணையத்தின் முதுகில் பதிந்து கிடக்கும். இரண்டிலிருந்தும் நூலிழை போன்ற கிளைகள் கணையத்துக்குள் போகின்றன. வாலை மட்டும் எடுக்க அவற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். ஒன்று கிழிந்தாலும் ரத்தம் கொட்டும். முன்பெல்லாம் மண்ணீரலையும் சேர்த்தே எடுத்தது இதனால்தான்.

மண்ணீரல் இல்லாமல் வாழலாம், சரி. ஆனால் நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது இல்லாதவருக்குச் சாதாரணக் காய்ச்சல்போலத் தொடங்குவது ஓரிரு நாளில் உயிருக்கே உலை வைக்கலாம். அபூர்வம்தான், ஆனால் ஆயுள் முழுக்கத் தொடரும் அபாயம். மலேரியா வந்தால் கடுமையாகும். நாய்க்கடியில்கூட ரேபிஸ் தவிர இன்னொரு கிருமிக்கும் பயப்பட வேண்டும். 34 வயதுப் பெண்ணுக்கு, புற்றுநோய் இல்லாத கட்டிக்காக இதைச் சுமத்த எனக்கு மனம் வராது.

ரோபோ தானாக எதையும் வெட்டாது. சர்ஜன் அதே அறையில் உட்கார்ந்து, பெரிதாக்கிய முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி இயக்குகிறார். கருவியின் நுனி மணிக்கட்டுபோல வளையும், கை நடுக்கம் அதில் இறங்காது. அந்த நூலிழைக் கிளைகளில் தையல் போடும்போது இதன் அருமை தெரியும். ஆனாலும் பழகிய கை, ரோபோ இல்லாமல் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியிலேயே மண்ணீரலைக் காப்பாற்றிவிடும். அதனால் டாக்டரிடம் கேளுங்கள்: இந்த ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்கு மண்ணீரல் தங்கியது?

ரத்தக்குழாய்களையும் சேர்த்துக் காப்பது கிமுரா முறை. அது முடியாதபோது அந்தக் குழாய்களை வெட்டிவிட்டு, இரைப்பைப் பக்கமிருந்து வரும் சின்னக் குழாய்களை நம்பி மண்ணீரலை விட்டுவைப்பது 1988-இல் வந்த வார்ஷா முறை. இதில் மண்ணீரலின் ஒரு பகுதி சிலருக்கு ரத்தமின்றிச் செயலிழக்கலாம். ரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ, புற்றுநோய்ச் சந்தேகம் வந்தாலோ மண்ணீரலை எடுத்தே ஆக வேண்டும். ஆகவே நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸா பி) ஆகிய கிருமிகளுக்கான தடுப்பூசிகளை ஆபரேஷனுக்கு 2 வாரம் முன்பே போட்டுவிடச் சொல்வேன்.

எந்த முறையில் செய்தாலும் கணையத்தை வெட்டிய முனையிலிருந்து கணைய நீர் கசியலாம். அதை வெளியே வடிக்கும் டிரெயின் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினால் பதற வேண்டாம். காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால் உடனே போங்கள். இன்சுலின் சுரப்பது கணையம்தான் என்பதால் சர்க்கரை அளவையும் அவ்வப்போது பாருங்கள்.

செலவு விஷயம்: இன்சூரன்ஸில் ரோபோட்டிக் சிகிச்சைக்குத் தனி உச்சவரம்பு இருக்கலாம், பாலிசியை முன்கூட்டியே பாருங்கள். அரசுத் தரப்பில், ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனையில் 2022 முதல் ரோபோ வசதி இருக்கிறது. சிடி ஸ்கேன் படங்களோடு அங்கேயும் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு அப்புறம் தேதி குறியுங்கள்.